முந்திச் சொன்ன பாங்கு

பேரீச்சம்பழம் பாதி தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அப்போதுதான் மதினி மர்ஷூதா கூச்சலிட்டாள்.

“தம்பி! துப்புங்க தம்பி... துப்புங்க! அது பள்ளிப் பாங்கில்ல. பக்கத்து வீட்டுப் பெட்டிப் பாங்கு!”

ஜெஸீம் திகைத்துப்போய் அமர்ந்திருந்தான். அட்டாளைச்சேனையில் பிறந்து வளர்ந்தவன் அவன். கல்முனைப் பாடசாலையொன்றில் விஞ்ஞான ஆசிரியனாக அந்த வாரந்தான் பொறுப்பேற்றிருந்தான். அவனுடைய அண்ணன் ஸஹீத் நானா, ஊர் வழக்கப்படி மருதமுனையில் மனைவி வீட்டோடு மாப்பிள்ளையாக வாழ்பவர். அந்த வீட்டில் ஜெஸீம் நோன்பு திறக்க வந்தது அன்றே முதன்முறை. மதிலுக்கு அப்பாலிருந்து கணீரென்று எழுந்த பாங்கை, அந்தத் தொழுகை அழைப்பை, அவன் ஏன் சந்தேகிக்க வேண்டும்?

“பெட்டியா? என்ன பெட்டி?”

“ஜெனூபாட பெட்டி. என்னெண்டு தெரியா, இண்டைக்கு முந்திச் சொல்லிட்டு... இஞ்ச பாருங்க, போனில இன்னும் நேரமிரிக்கு.”

துப்புவதற்கு அவன் வாயில் கொட்டை மட்டுமே எஞ்சியிருந்தது. அதைக் கைக்குள் மூடிக்கொண்டு, குடையையும் மறந்து, கொட்டும் மழையில் அவன் பக்கத்து வளவுக்குள் நுழைந்தான்.

மாரி முடிந்தும் ஊரைவிட்டுப் போக மனமில்லாத மழை அது. கொடியில் கிடந்த உடுப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி ஒருத்தி வாசலை நோக்கி ஓடிவந்தாள். அவனைக் கண்டதும் நின்றாள். துணிக்குவியலுக்கு மேலே இரண்டு கண்கள் மட்டுமே தெரிந்தன. மழை நீர் இமைகளில் தங்கி, விழுவதா வேண்டாமா என்று தயங்கி... பிறகு விழுந்தது. சொல்ல வந்த முதல் வாக்கியம் ஜெஸீமுக்கு மறந்துபோயிற்று.

நல்லவேளை, கோபம் மறக்கவில்லை.

“இஞ்ச பாங்கு சொன்னது யாரு?”

“பெட்டி.”

“அந்தப் பெட்டியைச் செஞ்சது யாரு?”

“நான்தான். ஏன், குரல் நல்லமில்லையா?”

அவன் கையை விரித்து நீட்டினான்.

“இது என்ன?”

அவள் குனிந்து பார்த்தாள். “ஈத்தம்பழக் கொட்டை.”

“இல்ல. இது என்ட நோன்பு!”

சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த நொடியில் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியிலிருந்து உண்மையான மஃரிப் பாங்கு எழுந்தது. அவளுடைய சிரிப்பு அப்படியே உறைந்தது.

“கேட்டீங்களா? இப்பதான் நேரம். காலையில இருந்து பிடிச்ச நோன்பு... இனி இதுக்குப் பதிலா வேறொரு நாள் கழாப் பிடிக்கணும். நல்ல பிள்ளையெண்டா ஒரு மாப்பாவது கேட்கும்.”

மன்னிப்பு அவளுடைய நாவின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவன் அதைக் கேட்டு வாங்கிய விதம் இருக்கிறதே... அதுதான் அவளைச் சீண்டிற்று.

“பள்ளிப் பாங்குக்குக் காத்திரிக்காம, பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கு வாயைத் திறக்கச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்ன? போங்க... போய்த் தண்ணியாவது குடிங்க.”

அவள் உள்ளே போய்விட்டாள். நனைந்த உடுப்புகள் அனைத்தையும் நாற்காலியில் போட்டுவிட்டு, நேராகப் பெட்டியிடம் ஓடினாள்.

அந்தப் பெட்டியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஜெனூபாவின் வாப்பா மீராமுகைதீன், வீட்டோடு சேர்ந்த கூடத்தில் கைத்தறிகள் பல வைத்து, ஆண்கள் உடுத்தும் சாரன் நெய்விக்கிறார். அவற்றுக்குரிய கோலங்களைக் கணினியில் வரைந்து கொடுப்பவள் ஜெனூபா. தறிகள் ஓடும்போது பள்ளிப் பாங்கு கூடத்துக்குள் நுழையாது. நூல் சுற்றிக்கொண்டிருக்கும் உம்மா சபியா, பிற்பகல் அஸர்த் தொழுகையின் நேரம் தெரியாமல் பிந்திவிட்டு, “யா அல்லாஹ், இண்டைக்கும் பிந்திட்டேனே...” என்று கண்கலங்குவார். அதைக் காணச் சகிக்காமல்தான் மகள், உள்ளங்கைக்குள் அடங்கும் விலை குறைந்த கணினிப் பலகையொன்றை வாங்கினாள். தறியோசைக்கு மேலாகக் கேட்கும் ஒலிபெருக்கியை அதனோடு இணைத்தாள். சூரியனின் போக்கைக் கணித்து ஐவேளையும் தானாகவே பாங்கு சொல்லும்படி எழுதிப் பழக்கினாள். இதையெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று பழிப்பவர்கள், ஒரு வரியை எழுதிவிட்டு அது ஏன் ஓடவில்லை என்று முழுநாளும் அமர்ந்து யோசித்தவர்கள் அல்லர். ஆகவே அவர்களுடைய கருத்தை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அந்தப் பலகைக்கு ஒரு குறை உண்டு. மின்சாரம் போனால் நேரத்தை மறந்துவிடும். மீண்டும் விழித்ததும் இணையத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அன்று பிற்பகல் மழையில் மின்சாரம் போய் வந்தது, இணையம் வரவேயில்லை. ஆகவே ஜெனூபா அவசரத்தில் நிமிர்ந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். அந்த நேரத்தையே பெட்டிக்கும் வைத்தாள்.

இப்போது அவள் மீண்டும் நிமிர்ந்து அந்த மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“ஐயோ... வாப்பாட மணிக்கூடு!”

பள்ளியில் முதல் ஸப்பில், தொழுகையின் முன்வரிசையில், இடம் தவறக்கூடாது என்பதற்காக, மீராமுகைதீன் அதைச் சில நிமிடங்கள் முந்தி வைத்திருக்கிறார். வைத்து நெடுங்காலமாயிற்று. நாளடைவில் அதுவே சரியான நேரம் என்று நம்பியும்விட்டார். வீட்டிலுள்ளோர் மனத்துக்குள் கழித்துப் பார்த்துக்கொள்வார்களே தவிர, வாய்விட்டுச் சொல்வதில்லை. அன்று அவள் கழிக்க மறந்துவிட்டாள். நல்லவேளை, அந்த வீட்டார் நோன்பு திறப்பது பள்ளிப் பாங்குக்குத்தான்.

இரவுத் தராவீஹ் தொழுகை முடிந்து வாப்பா திரும்பியபோது முகம் கறுத்திருந்தது. ஸஹீத் வீட்டில் நடந்தது பள்ளிவரைக்கும் போய்விட்டது. “உங்கட ஊட்டுல இப்பத் தனிப் பாங்காமே, முதலாளி?” என்று யாரோ கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

“கழட்டு மகள். இனி இந்தப் பெட்டி இஞ்ச சத்தம் போடப்படாது. ஒருத்தன்ட நோன்பைக் கெடுத்த சாமான் எனக்கு வேணாம்.”

ஒரே ஒரு சொல் போதும். மணிக்கூட்டை நோக்கி ஒரு விரல் நீட்டினாலே போதும். ஆனால் வெளியே அவமானப்பட்டு வந்த மனிதரை வீட்டுக்குள்ளும் அவமானப்படுத்துவதா? ஜெனூபா பெட்டியின் முன் அமர்ந்தாள். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அடுத்த நாள் தறிகள் ஓடின... உம்மாவுக்கு அஸர் பிந்தியது.

மதினியின் வாயிலாக இச்செய்தி ஜெஸீமை எட்டியது.

“நான் சும்மா கத்திட்டு வந்தன் மதினி... கழட்டச் சொல்லியா சொன்னன்?”

“உங்கட வாய் சும்மாவா கிடந்த? அந்தப் பிள்ளை உம்மாக்காகச் செஞ்சது தம்பி. இப்பக் கூடத்துப் பக்கமே வாறல்லயாம்.” மர்ஷூதா ஒரு தட்டு நிறையப் பொரித்த றோல்ஸ் அடுக்கி அவன் கையில் திணித்தாள். “நோன்புக்கு அயலுக்குக் குடுக்கிறதுதான். இண்டைக்கு நீங்க கொண்டு குடுங்க.”

மீராமுகைதீன் கூடத்தில் இருந்தார். வந்தவன் யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்றார். “வாங்க மகன், இரிங்க. உங்களுக்கு எங்களால பெரிய கரைச்சல்...”

அவன் அமர்ந்தான். உள்வாசலில், திரைக்குப் பக்கத்தில், அதே கண்கள். இன்று அவற்றில் மழை இல்லை; சிரிப்பும் இல்லை. பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் சுவரைப் பார்த்தான். அங்கே மணிக்கூடு. தற்செயலாகத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடியும் சுவரைப் பார்த்தான்...

விஞ்ஞானம் படிப்பிப்பவனுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

“என்ன மகன், மணிக்கூட்டைப் பார்க்கிறீங்க? பழசுதான். ஆனா இண்டைவரைக்கும் ஒரு நாளும் பிழைச்சதில்ல.”

திரையருகே கண்கள் அகன்றன. மெல்ல, மிக மெல்ல, இடமும் வலமுமாக அசைந்தன. *வேண்டாம்... சொல்லிவிடாதீர்கள்.*

இந்தப் பெண் தன் பெட்டியை இழந்தாள், ஆசையை இழந்தாள், ஊராரின் சிரிப்பையும் தாங்கினாள். வாப்பாவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை! ஜெஸீமின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

“நல்ல மணிக்கூடு,” என்றான் அவன். “நான் ஒண்டு சொல்லத்தான் வந்தன். பிழை பெட்டியில இல்ல. பள்ளிப் பாங்குக்குக் காத்திரிக்காதது என்ட பிழை. பசியில அவசரப்பட்டுட்டன். என்னால உங்கட ஊட்டு உம்மாக்கு அஸர் பிந்துது எண்டா, அது எனக்குத்தான் பாரம். பெட்டியைத் திரும்ப வைக்கச் சொல்லுங்க.”

பெரியவர் றோல்ஸ் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். தன் பிழையென்று தானே வந்து சொல்லும் வாலிபனை அவர் அண்மையில் கண்டதில்லை.

“மகள்... அந்தப் பெட்டியைக் கொண்டு வந்து வைங்க. ஆனா சத்தம் மதிலுக்கு அங்கால போகப்படாது!”

வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்க அவள் வாசல்வரை வந்தாள். தட்டு வெறுமையாக இருக்கவில்லை. மரியாதைக்கு நாலு ஈத்தம்பழங்கள் இருந்தன.

“உங்கள யாரு பழியை எடுக்கச் சொன்ன?” குரல் கோபமாக இருந்தது, கண்கள் அப்படி இல்லை.

“உங்கள யாரு சும்மா இரிக்கச் சொன்ன?”

“அவர் என்ட வாப்பா.”

“அதுக்காகத்தான்.”

அவள் தலை குனிந்தாள். “...மாப்பு. அண்டைக்கே கேட்டிருக்கணும். நீங்க கேட்கச் சொன்னதால கேட்கல்ல.”

“இப்ப நான் கேட்கச் சொல்லல்லையே?”

“அதான் கேட்டன்,” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். முதல் நாள் அடக்கிவைத்த சிரிப்பும் அதனோடு சேர்ந்து வெளிவந்தது.

அந்த ரமழானில் ஜெஸீமுக்கு நானா வீட்டின் மீது திடீரென்று அளவற்ற பாசம் பிறந்தது. ஒரு நாள் விரல் நகத்தளவு துண்டொன்றைக் கொண்டு வந்தான்; நாணயம் போன்ற சிறு பற்றரி பொருத்திய கடிகாரத் துண்டு.

“கரண்ட் போனாலும் இது நேரத்தை மறக்காதாம். உங்கட பலகையில பொருந்துமா?”

ஜெனூபா அதை ஒளியில் தூக்கிப் பார்த்தாள். தங்கத் தோட்டைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை என்று சபியா உம்மா பின்னர் சொல்லிச் சிரித்தார்.

இன்னொரு நாள் அவன் தயங்கித் தயங்கி வந்தான். “நானும் ஒரு பலகை வாங்கினன். எவ்வளவு செஞ்சும் ஒண்டும் வருகுதில்ல. பழுது போல.”

“மெமரி காட் போட்டீங்களா, சயன்ஸ் சேர்?”

“...அது வேறயாப் போடணுமா?”

மதிலுக்கு அப்பால் மர்ஷூதா மதினி வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. ஆக, இத்தனை நாளும் அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

பெருநாள் கழிந்தது. தெருவெல்லாம் புதுச் சாரனின் வாசம் இன்னும் மிஞ்சியிருந்த நாளொன்றில் ஜெஸீம் தன் கழா நோன்பைப் பிடித்தான். செய்தி கேட்ட ஜெனூபா, பெருநாளுக்குப் பிந்திய ஆறு நோன்புகளில் ஒன்றை அன்றே வைத்துக்கொண்டாள். “உங்கட நோன்பு போனது என்ட பெட்டியால. தனியாப் பிடிக்க விடேலாது,” என்று மதிலுக்கு மேலால் சொன்னாள்.

மாலையில் மீராமுகைதீன் அவனைத் தம் வீட்டுக்கே அழைத்தார். அழைத்தவர், முதல் ஸப்பை நினைத்து நேரத்தோடு பள்ளிக்குப் புறப்பட்டார். போகும்போது மணிக்கூட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“மகள், உன்ட பெட்டி இப்பக் கொஞ்சம் பிந்துது போல. பார்த்துத் திருத்து.”

“ஓம் வாப்பா... பார்க்கிறன்.”

அவர் படலையைத் தாண்டும்வரைக்கும் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது முற்றம் அமைதியாயிற்று. குசினியில் உம்மா கரண்டியால் கஞ்சியைத் துழாவும் ஓசை மாத்திரம். கடற்பக்கமிருந்து மழை வாசம் வந்தது... வருமா, வராதா என்று சொல்லாத மழை.

ஜெஸீம் பேரீச்சம்பழமொன்றைக் கையில் எடுத்தான். சாப்பிட அல்ல, பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

“ஜெனூபா... நானாவையும் மதினியையும் உங்கட வாப்பாவோட கதைக்கச் சொல்லட்டா?”

அவள் கை பழப் பாத்திரத்தின் மூடியிலேயே நின்றது.

“என்னத்தைப் பத்தி?”

“இந்த ஊட்டுக்கு மாப்பிள்ளையா வாறதைப் பத்தி.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். “அண்டைக்கு மழையில உங்களோட சண்டை பிடிச்சிட்டுப் போனன். போனது உடம்பு மட்டுந்தான்... எனக்கு உங்கள விருப்பம். உங்கட வாப்பாட மணிக்கூட்டுக்குக் கீழ, அது சொல்ற நேரத்தையே சரியெண்டு சொல்லிக்கொண்டு, என்ட காலம் முழுக்க இரிக்க விருப்பம்.”

அவளுடைய கன்னங்களில் மாலைச் சிவப்பு முழுவதும் வந்து இறங்கிற்று.

“முந்திறது உங்களுக்குப் பழக்கமாப் போச்சு, சேர். பொறுங்க... பாங்கு சொல்லட்டும்.”

அவன் பொறுத்திருந்தான். அன்று பொறுக்காத நிமிடங்களையும் சேர்த்துப் பொறுத்திருந்தான். வானம் சிவந்து, சிவப்புக் கரைந்து... பள்ளியிலிருந்து பாங்கு எழுந்தது. கூடத்துக்குள்ளிருந்து பெட்டியும் அதே கணத்தில், தாழ்ந்த குரலில், மதிலைத் தாண்டாமல், உடன் தொடங்கியது. நொடிகூடப் பிசகவில்லை.

ஜெனூபா துஆ ஓதி, ஒரு பழத்தை வாயிலிட்டாள். நிமிர்ந்தாள். அவன் கையிலிருந்த பழம் கையிலேயே இருந்தது.

“பாங்கு சொல்லிட்டே... ஏன் இன்னும் திறக்கல்ல?”

“நீங்க இன்னும் சொல்லல்லையே.”

“நேரமானதுக்குப் பிறகு நோன்பு திறக்காமப் பிந்துறது நல்லமில்ல!”

“தெரியும். அதனால கெதியாச் சொல்லுங்க.”

அவள் குசினிப் பக்கம் பார்த்தாள். மதிலைப் பார்த்தாள், அதற்கு மேலால் மர்ஷூதா மதினியின் முக்காட்டு நுனி தெரிந்தது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

“ஓம்,” என்றாள். “இப்பத் திறங்க.”