பக்கத்து வீட்டு நெட் பாயிண்ட்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. மூன்று டம்ளர் மோர் குடித்தும் அடங்கவில்லை.

காரணம், பக்கத்து வீட்டுச் சண்முகப்பிரியா. அவளும் நானும் ஆறாம் வகுப்பு. நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் குவார்ட்டர்ஸ் எல்லாம் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். நடுச்சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள்.

அவள் வீட்டு ரூம்களில் புதிதாக நெட் பாயிண்ட், டிவி பாயிண்ட் எல்லாம் வைத்துவிட்டார்கள். சுவரில் வெள்ளைத் தகடு, அதில் சின்னதாகச் சதுரத் துளை. கம்ப்யூட்டர் வயரை அதில் செருகினால் 'டிக்' என்று உட்காரும். உடனே நெட் வந்துவிடுமாம்.

"நல்லா பாத்துக்கோ பொற்கொடி. ஆனா விரல உள்ள வுடாத" என்றாள் பிரியா.

நான் என்ன கைக்குழந்தையா?

எங்கள் வீட்டில் நெட் என்றால் அப்பாவின் போன்தான். அப்பா ஷிப்டுக்குக் கிளம்பினால் நெட்டும் கூடவே பஸ் ஏறிப் போய்விடும்.

"ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிகினு ஒக்காந்திருக்க?" என்று அம்மா கேட்டாள்.

"நமக்கும் சுவத்துல பாயிண்ட் வேணும்."

"மொதல்ல ஃபேன் ஒழுங்கா சுத்தட்டும். அப்புறம் பாக்கலாம்."

சனிக்கிழமை வந்தது. மாலை ஆறு மணிக்குப் பிரியாவுக்கு ஆன்லைன் சதுரங்கத்தில் இறுதிப் போட்டி. அதுவரை அவள் அம்மாவின் போனில் ஆடினாள். இறுதிப் போட்டியை மட்டும் போனில் ஆடக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் ஆட வேண்டும். ஆறு மணிக்குள் வராவிட்டால் தோற்றதாக எழுதிவிடுவார்கள்.

ஐந்தரைக்கு அவள் வீட்டில் ஒரே கூச்சல். உதவி செய்யப் போகிறவள் மாதிரி நானும் போனேன். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

சின்ன ரூமில் பிரியா வயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தாள். 'டிக்' சத்தம் வந்தது, நெட் வரவில்லை. கம்ப்யூட்டரை ஹாலுக்குத் தூக்கி வரவும் முடியாது. திரையைச் சுவரோடு சேர்த்து ஸ்குரூ போட்டிருந்தார்கள்.

அவள் அம்மா சங்கீதா ஆன்ட்டி, வயரிங் செய்த செங்குட்டுவன் அண்ணனுக்குப் போன் மேல் போன் போட்டார்.

"எடுக்கவே மாட்றாரே! மணி ஓடுதே!"

ஹாலில் அன்று மதியம்தான் வந்த நெட் பெட்டி பச்சை விளக்கோடு நன்றாகத்தான் இருந்தது. அங்கே சுவரிலிருந்து இரண்டு நீல வயர்கள் வந்தன. ஒன்றில் 'சின்ன ரூம்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அது நெட் பெட்டியில் செருகியிருந்தது. இன்னொன்றில் 'பெரிய ரூம்'. அது டிவி பெட்டியில் இருந்தது. எல்லாம் சரிதானே?

சரியில்லை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

செங்குட்டுவன் அண்ணன் அளவெடுக்க வந்த அன்று பிரியா வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் பண்ருட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். "எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே அச்சுதானேக்கா! உங்க வூட்டப் பாத்தே வரைஞ்சிக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லி, எங்கள் வீட்டைத்தான் தாளில் வரைந்துகொண்டார்.

ஒரே அச்சுதான். ஆனால் ஒட்டின வீடுகளில் எல்லாம் இடம் வலம் மாறியிருக்கும். எங்கள் வீட்டில் சின்ன ரூம் இடது பக்கம். பிரியா வீட்டில் வலது பக்கம். அண்ணன் அந்தத் தாளைப் பார்த்தே, இடது பக்கம் போகிற வயரில் 'சின்ன ரூம்' என்று சீட்டு ஒட்டிவிட்டார். பாவம் நெட், ஆளே இல்லாத பெரிய ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நல்லா வேணும், விரல வுடாதன்னு சொன்னாளே!

"தண்ணி குடிச்சிட்டு வரேன் ஆன்ட்டி" என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பிரியாவின் குரல் கேட்டது.

"எட்டு மேட்ச் ஜெயிச்சேனேம்மா... ஆடித் தோத்தா கூடப் பரவாயில்லம்மா..."

அவள் அப்படி அழுது நான் கேட்டதே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"ஆன்ட்டி! ரெண்டு வயரையும் மாத்திப் போடுங்க!"

"சும்மா இருடி. சீட்டப் பாத்துதானே செருகியிருக்கு."

"எங்க வூட்ல சின்ன ரூம் லெஃப்ட்டுல இருக்கு. உங்க வூட்ல எந்தப் பக்கம்? அவர் எங்க வூட்டதானே வரைஞ்சாரு!"

ஆன்ட்டி இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். "அடக் கடவுளே!" என்று குனிந்து இரண்டையும் பிடுங்கி மாற்றிச் செருகினார். டிக். டிக்.

"வந்துடுச்சு!" என்று சின்ன ரூமிலிருந்து ஒரு கத்தல். மணி ஐந்து ஐம்பத்தாறு.

ஒரு மணி நேரம் கழித்துப் பிரியா குதித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஜெயித்துவிட்டாள். நான் கை தட்டினேன். உள்ளே இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்தது, இருந்தாலும் பலமாகவே தட்டினேன்.

"நீ மட்டும் வரலன்னா நான் அவ்ளோதான்டி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"இரு பிரியா. எனக்கு மொதல்லயே தெரியும். வேணும்னேதான் சொல்லல. ஒன் பாயிண்ட்டப் பாத்துப் பொறாமை."

அவள் கையை விட்டுவிட்டாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எவ்ளோ நேரம் சொல்லாம இருந்த?"

"பத்து நிமிஷம்."

அடுத்த காயை எங்கே நகர்த்தலாம் என்று பார்ப்பவள் போல என் முகத்தையே பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பத்தே நிமிஷந்தானா? நானா இருந்தா நாளைக்குத்தான்டி சொல்லியிருப்பேன்!"