தவுட்டுராணி

முன்பின் தெரியாதவர்கள் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஞானசெல்விக்குப் பற்றிக்கொண்டு வரும். பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, சங்கரன்கோவிலில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. முதல் வாரம் பூக்காரி 'தங்கம்' என்றாள், கண்டக்டர் 'தாயி' என்றார். பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்தப் பக்கத்து வாய் அப்படி, யாரைப் பார்த்தாலும் மக்கா என்றுதான் ஆரம்பிக்கும். ஆனால் இரண்டாவது வாரம் திங்கட்கிழமை வந்த பெரியவர் கூப்பிட்டது அந்த ரகம் இல்லை.

சங்கரலிங்கம், வயது எண்பத்திரண்டு, பழைய தறிக்காரர் என்று ஹெலன் சீட்டில் எழுதியிருந்தாள். கடையில் ஹெலனும் அவளும் இரண்டே பேர்தான். பரிசோதனை அறையின் விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸ் மாட்டுகிற கனத்த இரும்புச் சட்டத்தை அவர் மூக்கில் வைத்து, ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டாள். வெளியே விசைத்தறிகள் சடக் சடக்கென்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. அவர் மூச்சில் வெற்றிலையும் சட்டையில் நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடையும் கலந்து அந்தச் சின்ன அறை முழுக்க நிறைந்திருந்தது. எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை வெளிச்சமாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை என்பது நாலாவது லென்ஸ் போடும்போதுதான் உறைத்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்து தெரியுதாய்யா?"

"இப்பம் நல்லாத் தெரியுது. தவுட்டுராணிலா! வந்துட்டியாட்டி?"

தவுட்டுராணியா? சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஆள் மாறிட்டு. என் பேரு ஞானசெல்வி."

"அது அவுக வச்ச பேரு" என்றார் பெரியவர். அப்புறம் சாதுவாகப் பலகையைப் பார்த்து எழுத்துகளைப் படித்து முடித்தார்.

செவ்வாய்க்கிழமை டீக்கடைக்காரர் கூப்பிட்டார். புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் விற்பவள், பின்னாலேயே கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் ஏறப்போன யாரோ ஒருத்தி. எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். ஒரே இழுப்பு, விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சோறு உண்ணக் கூப்பிடுகிற இழுப்பு. கேலியாக இருந்தால் திட்டியிருப்பாள். கேலி இல்லை. அவர்கள் கண்ணில் பாசம் இருந்தது. அதனால் திட்டவும் முடியாமல் வேகமாக நடந்தாள்.

வியாழன் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே ஹெலன், "தவுட்டுராணி, சாப்பிட வாரியளா?" என்றாள்.

"உனக்கு யாருட்டி சொன்னா அந்தப் பேர?"

"ஊரே அப்படித்தானக்கா கூப்புடுது. நல்லாத்தான இருக்கு."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அபிஷாவுக்கு நாலு முடிந்து ஐந்து நடக்கிறது. அப்பா மஸ்கட்டில் இருப்பதால் அவளுக்கு எல்லாமே அம்மாவும் ஆச்சியும்தான். ஞானசெல்விக்கும் இந்த உலகத்தில் அவளை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

"எம்மா, மத்தியானம் கேட்டுக்கு வெளிய ஒரு ஆள் வந்து நின்னா. என்னிய குட்டித் தவுட்டுராணின்னு கூப்புட்டா" என்றாள் அபிஷா.

அடுப்படியில் ஞானசெல்வியின் அம்மா கையிலிருந்து கரண்டி விழுந்தது.

பிள்ளை தூங்கிய பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். ஞானசெல்வி பிறந்தது சங்கரன்கோவிலில். அப்பா அங்கே தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் நிற்கவில்லை. இவளுக்கும் பத்தாம் நாள் ஜன்னி.

"எதுத்த வீட்டு ஆவுடையம்மாவுக்குப் பிள்ள கிடையாது. துணி தைப்பா. பிள்ளைய எனக்குத் தவுட்டுக்கு வித்துரு, எமன் உம்பிள்ளன்னு தேடி வரமாட்டான்னா. ஒரு படி தவுட்டை வாங்கிக்கிட்டு உன்னிய அவ கையில குடுத்தேன். மூணே நாள்ல நீ கண்ணு முழிச்சுட்ட. அவதான் அந்தப் பேர வச்சா. பேருக்குத்தான் அவ பிள்ள, நீ வளந்தது எங்கிட்டதான்."

"அப்புறம்?"

"ஒரு வருசம் கழிச்சு அந்தத் தவுட்டையும் ஒரு புதுச்சேலையையும் குடுத்து மீட்டுக்கிடணும். அவ உன் மேல வச்சிருந்த பிரியத்தப் பாத்து எனக்குப் பயம் வந்துட்டு. குடுக்கமாட்டான்னு தோணிச்சு. விடியுமுன்ன உன்னியத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டோம். தவுட்ட மாட்டுக்குப் போட்டுட்டேன்."

"பாவி! முப்பத்தஞ்சு வருசமா ஏம்மா சொல்லல?"

"அவ இன்னுமா இருக்கப்போறான்னு நெனச்சுட்டேன்" என்று அம்மா அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கேட்டைப் பூட்டச் சொல்லி, பிள்ளையை ஒரு நிமிஷம்கூடக் கண்ணை விட்டு அகற்றக் கூடாது என்று நாலு தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கடைக்கு லீவு. மாட்டுத்தீவனக் கடையில் ஒரு படி தவிடு வாங்கினாள், ஜவுளிக்கடையில் பச்சையில் ஒரு சேலை. அம்மா சொன்ன தெருவுக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பக்கமும் தறிச்சத்தம் காதை அடைத்தது. அவள் நாலு எட்டு வைத்ததும் முதல் வீட்டுத் தறி நின்றது. அடுத்த வீட்டுத் தறியும் நின்றது. அவள் நடக்க நடக்க ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. வாசல்தோறும் ஆட்கள். சிரித்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

அம்மா அடையாளம் சொன்ன வீட்டின் கதவு திறந்திருந்தது. ஆவுடையம்மா தையல் மிஷினில் குனிந்திருந்தாள். எத்தனை வயசிருக்கும்? கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்தாள்.

"வந்துட்டியா தவுட்டுராணி. வெயில்ல நடந்தா வந்த?"

அறைக்குக் குறுக்கே ஒரு கொடி. ஒரு முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழந்தைச் சட்டை. அப்புறம் கவுன். பாவாடை, தாவணி, ரவிக்கை. வருஷத்துக்கு ஒன்று. ஒன்றைவிட அடுத்தது கொஞ்சம் பெரிது. கடைசி ரவிக்கையில் இடது கை மட்டும் தளர்த்தித் தைத்திருந்தது. ஞானசெல்விக்குக் கல்லூரியில் இடது தோள் முறிந்தது. அதிலிருந்து அவள் தையற்காரியிடம் சொல்லித் தைக்கிற அளவு அது.

"உங்க தவுடு. சேலையும் இருக்கு. என்னிய விட்டுருங்கம்மா."

ஆவுடையம்மா தவிட்டைச் சுளகில் கொட்டிக் கையால் அளைந்தாள். முகர்ந்து பார்த்தாள். சேலையைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சரியா இருக்கு. நீ போலாம் ஞானசெல்வி."

சொந்தப் பெயர். இந்த ஊரில் இந்த வாரம் யாரும் சொல்லாத பெயர். கண்ணீர் கொட்ட, அவள் கும்பிட்டாள்.

"ஒந் துணிய எடுத்துட்டுப் போ. எனக்கு இனி எதுக்கு?"

போய்விட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கையாலும் வாரி இழுத்தாள். துணிகள் சரிந்தன. அவற்றுக்குப் பின்னால் இன்னொரு கொடி. இடுப்பு உயரத்தில். புதுக் கவுன்கள்.

நாலு.

"இது... யாருக்கு?"

"எம் பேத்திக்கு. நீ எம்பிள்ளையா இருக்கும்போது பொறந்தவள்லா? அவளுக்கு நீ தவுடு கொண்டாரலியே."

"இப்பமே வாங்கிட்டு வாரேன். எத்தன படி வேணும்? சொல்லுங்க!"

"நான் விக்கலியே மக்கா" என்று ஆவுடையம்மா பாசமாகச் சிரித்தாள். மிஷினிலிருந்து ஐந்தாவது கவுனை உருவி உதறிவிட்டு, உள்ளறைப் பக்கம் திரும்பினாள். "தவுட்டுராணீ... அளவு பாக்கணும், வா."

ஞானசெல்வி போனை எடுத்தாள். வீட்டு நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. அம்மா எடுத்தாள்.

"எம்மா, அபி எங்க?"

"இந்தா, எம் மடியிலதான் தூங்குதா. ஏன்?"

"எழுப்பு."

"இப்பந்தான உறங்குனா..."

"எழுப்பும்மா!"

"அபி. ஏட்டி அபி. எந்திரி, அம்மா பேசுதா. அபி... ஏட்டி, என்ன பிள்ள முழிக்கமாட்டேங்கா... அபி!"

உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது.

"வாரேன்."

திரைச்சீலை விலகியது. அபிஷா வெறுங்காலோடு வந்தாள், தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு. தன் அம்மாவைத் தாண்டித்தான் நடந்தாள். பாவாடை நுனி ஞானசெல்வியின் காலில் உரசியது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அபி!" என்றாள் ஞானசெல்வி. போனுக்குள் அம்மாவும் அதே பெயரை அலறிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் சும்மா நின்றது. பிறகு ஆவுடையம்மா முன்னால் போய், அளவெடுக்க வாகாக இரண்டு கையையும் விரித்தது.