ஈனிட் எடுத்துக்கொடுத்த வரி

பிராட்ஃபோர்டின் அந்தப் பழைய நாடக அரங்குக்கு நாங்கள் போய் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கோரா பென்ரோஸுக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. நாடு முழுக்கப் பெயர் பெற்ற மேடை நடிகை. அவளுக்கு உடை மாட்டிவிடுவது என் வேலை.

"எலி செத்த நாத்தம் அடிக்குது மாவிஸ். ஜன்னலைத் திற" என்றாள்.

போன வருடம் இங்கேதான் ஈனிட் செத்தாள்.

மேடையோர முக்காலியில் உட்கார்ந்து, கோரா திணறும்போதெல்லாம் வசனத்தை மெல்ல எடுத்துக்கொடுப்பவள் ஈனிட். அவளும் நடிக்க வந்தவள்தான். கோராவால் முடியாத நாளில் அந்த வேடத்தை அவள் போட வேண்டும். ஆனால் காய்ச்சலில் கொதித்தாலும் கோரா மேடையை விட்டுக்கொடுக்கமாட்டாள். வேறு கம்பெனிகள் ஈனிட்டைக் கேட்டபோது, அவள் குடிகாரி என்று சொல்லி அதையும் கோரா கெடுத்தாள். கடைசியில் ஒருநாள் நாடகத்தின் நடுவே ஈனிட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். நான் அன்று ஊரில் இல்லை. டாக்டரைக் கூப்பிட ஓடியவர்களை, நாடகம் முடியட்டும் என்று கோரா நிறுத்திவைத்ததாகப் பிறகு சொன்னார்கள். அப்போது ஈனிட்டுக்கு மூச்சு இருந்ததாம்.

இந்த முறை முக்காலி காலியாகவே கிடந்தது. புது ஆளை வைத்தால் தன் மறதி ஊருக்குத் தெரிந்துவிடும் என்று கோரா ஒப்பவில்லை.

முதல் நாள் மதியக் காட்சியிலேயே அவளுக்கு வசனம் நின்றுபோனது. அரங்கில் யாரோ இருமினார்கள். நான் திரையோரம் நின்றிருந்தேன். என் கணுக்காலைக் குளிர் தொட்டது. ஈனிட் சப்பும் இருமல் மிட்டாயின் வாசனை வந்தது.

பிறகு, காலி முக்காலிப் பக்கமிருந்து ஒரு கிசுகிசுப்பு.

கோரா அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நடித்தாள். இடைவேளையில் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.

"செத்தும் எனக்குத்தான் உழைக்கிறா, பாத்தியா? சம்பளம்கூடக் கேக்கமாட்டா."

அதன்பின் அவள் வசனம் படிப்பதையே விட்டுவிட்டாள்.

கடைசிக் காட்சியன்று அரங்கம் நிரம்பியிருந்தது. முக்காலிப் பக்கமிருந்து வந்த வரியைக் கோரா அப்படியே சொன்னாள்: "எனக்கு எதுவுமே ஞாபகமில்லை."

அது நாடகத்தில் இல்லாத வரி.

கிசுகிசுப்பு மறுபடி அதையே கொடுத்தது. அவளும் மறுபடி சொன்னாள். மறுபடியும். கூட்டம் சிரித்தது.

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள்.

விரல்களுக்கு நடுவே அந்த வரி வந்துகொண்டே இருந்தது.

சிரிப்பு அடங்கிவிட்டது. திரையை இறக்கினோம்.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள் டாக்டர்கள். இனி பேச்சு வராது என்றார்கள். ஹாரோகேட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம்.

வசந்தத்தில் பார்க்கப் போனேன். நன்றாக வெயில் அடித்தது. தினமும் மதியம் அவர் முழு நாடகமும் பேசுகிறார், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று செவிலி பெருமையாகச் சொன்னாள். கூடத்தில் கிழவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக் காத்திருந்தார்கள்.

கோராவின் வாய் திறந்தது.

குரல் அவளுடையது இல்லை. யார்க்ஷயர் வட்டாரப் பேச்சு; ஈனிட்டின் பேச்சு. ஒரு வரிகூடப் பிசகவில்லை. அப்படி ஒரு நடிப்பை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

அந்த வாய்க்கு மேலே கோராவின் கண்கள் என்னைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தன.

நான் குனிந்து, "மேடம்?" என்றேன்.

நடிப்பு நின்றது. உதடு மெல்லச் சிரித்தது.

"அவளை ஏன் பாக்கிற மாவிஸ்? நடிக்கிறது நான். என்னைப் பாரு."