தரைத் துவாரம்

இரண்டாயிரத்து நாலு ஜூலை. மூன்று நாளாக மழை விடவில்லை. மதியம் மூன்று மணிக்கே கசார்வாடியில் என் ஷெட்டுக்குள் டியூப்லைட் போட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு குவாலிஸ் கார், நீலத் தார்ப்பாய் போர்த்திய டிரெய்லர் ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி என் வாசலில் நின்றது.

முன் இருக்கையிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். குடையைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் பாதி நனைந்துவிட்டாள்.

"விஸ்வநாதன் சார் இருக்காங்களா?"

"நான்தான். விச்சுன்னா இந்த ரோடு முழுக்கத் தெரியும். உங்களுக்கு யார் சொன்னா?"

"வண்டிக் கதவுல உங்க தகடு இருக்கு சார். பேரைப் பார்த்ததும் தமிழ்க்காரர்னு சந்தோஷமாயிடுச்சு. என் பேரு ப்ரீதி. ஔந்த்ல இருக்கோம். கல்யாணமாகி நாலு மாசம் ஆச்சு." அவள் தார்ப்பாயை விலக்கிக்கொண்டே பேசினாள். "அவர் ஆபீஸ் வேலையா அமெரிக்கா போயிருக்கார். வர்றதுக்குள்ள இதை ரெடி பண்ணி வெச்சு அவரை அசத்தணும். இவ்வளவு நல்ல வண்டியை பார்க்கிங்ல போட்டு மூடி வெச்சிருக்கார்."

தார்ப்பாய் விலகுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. காரோடு மாட்டும் அந்தக் கொக்கியை வெல்டு செய்தது நான். என் கைவேலை எனக்கு அடையாளம் தெரியாமலா போகும்?

"உங்க வீட்டுக்காரர் பேரு?"

"கோகுல்நாத்."

நான் ஈரக் கையை வேட்டியில் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா தாபோடியில் ராணுவ இன்ஜினியரிங் கல்லூரி ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். நான் தொழில் கற்றது அவரிடம்தான். ஆம்புலன்ஸ், நடமாடும் கிளினிக் என்று வண்டிகளின் உள்வேலை செய்கிறேன். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு வேண்டும் என்று வருஷத்துக்கு ஒரு கிறுக்கனாவது வருவான். அவனுக்கும் செய்து கொடுப்பேன். இரண்டாயிரத்து ஒன்றில் கோகுல்நாத் அப்படித்தான் வந்தான். அவனுக்கும் அவன் மனைவி அமலாவுக்கும் இந்த வண்டியைக் கட்டினேன். மடக்குக் கட்டில், இரண்டு பர்னர் காஸ் அடுப்பு, நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி விளக்கு. எல்லாம் அழகாகத்தான் வந்தது.

ஆறு மாசத்தில், முள்ஷி ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தியிருந்தபோது, அமலா உள்ளேயே செத்துப்போனாள். காஸ் கசிவு. கோகுல்நாத் அப்போது டீ குடிக்கப் போயிருந்தானாம். குழாய் இணைப்பில் கோளாறு என்று போலீஸில் எழுதினார்கள். என் இணைப்பில். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக என்மேல் வழக்கு. வண்டியை என் கண்ணில்கூடக் காட்டாமல் கொண்டுபோய், பிறகு கோகுல்நாத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மனைவி கிரிஜா, வீட்டில் சிலிண்டர் தீர்ந்தால் கீழ்வீட்டுக் கந்தசாமியைக் கூப்பிடுவாள். நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்வேன். நூறு வண்டிக்குக் காஸ் மாட்டியவன் நான். அந்த அவமானம் எரியும். அமலாவைக் கொன்றது என் கையா இல்லையா? எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு பதில்தான்.

"அவரோட முதல் சம்சாரம்..." என்று இழுத்தேன்.

"பாவம், மஞ்சள் காமாலைல போயிட்டாங்களாம்" என்றாள் ப்ரீதி.

நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. "வண்டியை விட்டுட்டுப் போங்கோ. பார்த்துட்டு ஃபோன் பண்றேன்" என்றேன்.

அவள் போனதும் ஆட்களையும் மழையைச் சாக்குச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன்.

காஸ் குழாயைச் சோதிப்பது சுலபம். குழாயின் ஒரு முனையில் காற்றடிக்கும் பம்பை மாட்டி அழுத்தம் ஏற்ற வேண்டும். இணைப்புகள்மேல் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். கசிவு இருந்தால் அங்கே குமிழி வரும். வண்டியில் சிலிண்டர் இல்லை, போலீஸ் எப்போதோ எடுத்துப் போய்விட்டது. மொத்தம் பதினோரு இணைப்புகள். ஒவ்வொன்றாகத் தடவினேன். ஒன்றிலும் குமிழி இல்லை. மறுபடியும் தடவினேன். இல்லவே இல்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பம்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

ஏழாவது இணைப்பில் ஒரு குமிழி இருந்தது.

எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்தது. உடையவில்லை. மெல்லச் சுருங்கியது.

மறுபடி வளர்ந்தது.

குழாயில் காற்றே இல்லை. ஆனாலும் அது நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறவர்களின் நெஞ்சு அப்படித்தான் ஏறி இறங்கும். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. என் மூச்சும் அதே கதியில் போய்க்கொண்டிருப்பது திடீரென்று உறைத்தது.

பிறகு வாசனை வந்தது. காஸ் வாசனை.

வெளியே பாய்ந்தேன். ஆனால் தொழில் புத்தி விடுமா? காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் படியும். அது வெளியேறத்தான் ஒவ்வொரு வண்டியிலும் அடுப்புக்குக் கீழே தரையில் ஒரு துவாரம் போட்டு வலை வைப்பேன். வாசனை ஏன் உள்ளேயே நிற்கிறது? டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து ஊர்ந்தேன்.

துவாரம் அடைக்கப்பட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்து அப்புவார்களே, அந்தப் பசை. கல்லாக இறுகியிருந்தது. நடுவில் ஒரு கட்டைவிரல் அழுத்திய பள்ளம்.

அடைத்தது கீழேயிருந்து. உள்ளே படுத்திருப்பவர் செய்யக்கூடிய காரியமில்லை அது.

மறுபடி உள்ளே போனேன். பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. தரையில் ஒட்டியிருந்த விரிப்பு நான் ஒட்டியது இல்லை, புதுசு. கத்தியால் கீறி உரித்தேன். துவாரத்தைச் சுற்றி பிளைவுட்டில் கீறல்கள். நாலு நாலாக, ஆழமாக. வலையின் ஒரு ஓரம் பிய்ந்திருந்தது. அதில் ஒரு துண்டு நகம் மாட்டியிருந்தது. அரக்கு நிறச் சாயம்கூட அதில் போகவில்லை.

"நான் இல்லை" என்று வாய்விட்டுச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. "நான் இல்லைடீம்மா. அவன்."

பக்கத்தில், மிக அருகில், யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

உளியால் அந்தப் பசையைத் துண்டாகப் பெயர்த்து எடுத்து வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் மதியம் ப்ரீதியை வரச்சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பசைத் துண்டை அவள் கையில் வைத்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவர் நேத்தே வந்துட்டார் சார்" என்றாள். "சொல்லாம கொள்ளாம. வண்டி எங்கேன்னுதான் முதல்ல கேட்டார். சொன்னேன். அவர் மூஞ்சி போன போக்கைப் பார்த்து எனக்கு..."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கோகுல்நாத் மழையிலேயே இறங்கி வந்தான்.

"யாரைக் கேட்டுடி இதை இங்க கொண்டுவந்த?" என்றவன் என்னைப் பார்த்தான். "யோவ், நீ இன்னும் ஜெயிலுக்குப் போகலையா?"

அப்புறம்தான் அவள் கையிலிருந்ததைக் கவனித்தான். என்னைத் தள்ளிவிட்டு நேரே டிரெய்லருக்குள் ஏறினான். தரையை நான் உரித்துவிட்டேனா என்று பார்க்கத்தான் போயிருப்பான்.

கதவு மூடிக்கொண்டது.

காற்று கொஞ்சமும் இல்லை. ஓட்டத்தில் கதவு திறந்துகொள்ளாமல் இருக்க வெளிப்பக்கம் லாரிக்குப் போடும் தாழ்ப்பாள் ஒன்று வைத்திருந்தேன். துருப்பிடித்து, முந்தின நாள் நான் சுத்தியலால் தட்டித் திறந்தது. அது தானாக நகர்ந்தது. அவசரமே இல்லாமல், கடைசிவரை.

உள்ளே முதலில் ஒரு தட்டல். பிறகு பல.

நான் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். ஒரு விரலால் இழுத்திருக்கலாம், அவ்வளவு லேசாக இருந்தது. ப்ரீதி ஓடிவந்தாள். அவளை இடது கையால் தடுத்தேன்.

"சொல்லுடா" என்றேன் கதவோடு வாயை வைத்து. "சொன்னா திறக்கறேன்."

உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. மூச்சு வாங்கியது. "நான்தான். நான்தான் அடைச்சேன். காஸைத் திறந்துவிட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டுப் போயிட்டேன். திற."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான்.

"இன்னொரு தடவை."

பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. இரண்டு வருஷத்து எரிச்சல் அடங்கியது. ப்ரீதி என் கையைக் கடித்தாள், நகத்தால் கீறினாள். நான் அசையவில்லை. குரல் நின்றபிறகுதான் திறந்தேன்.

அவன் குப்புறக் கிடந்தான். வாய் தரைத் துவாரத்தின்மேல் பதிந்திருந்தது. விரல் நுனிகளில் ரத்தம். சிலிண்டரே இல்லாத அந்த வண்டிக்குள் காஸ் வாசனை எங்களை நிற்க விடவில்லை.

போலீஸ் வந்து அடியில் பார்த்தார்கள். முந்தின நாள் நான் திறந்த துவாரம் மறுபடி அடைபட்டிருந்தது. பசை இன்னும் ஈரமாக இருந்தது. அதில் கட்டைவிரல் ரேகை இருந்தது. எடுத்து ஒப்பிட்டார்கள்.

என்னுடையது.

அப்போதும் நான் கலங்கவில்லை. அவன் ஒப்புக்கொண்டதைக் கேட்க ப்ரீதி இருந்தாளே. ஸ்டேஷன் வராந்தாவில் அவளிடம் கெஞ்சினேன். "அவன் வாயாலயே சொன்னானே, அதை மட்டும் சொல்லிடும்மா."

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

"அவர் குரலே கேக்கலை சார்" என்றாள். "ஒரு பொண்ணு குரல்தான் கேட்டுது. 'அண்ணா, உள்பக்கம் ஒரு கொண்டி வைக்கச் சொல்லிக் கேட்டேனே அண்ணா'ன்னு அழுதாங்க. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் இன்னொரு தடவை சொல்லுன்னீங்க."

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். வக்கீலுக்குத் தெரியாது, கிரிஜாவுக்கும் தெரியாது. வண்டியை டெலிவரி கொடுப்பதற்கு முந்தின நாள் அமலா தனியாக ஸ்கூட்டியில் வந்தாள். வெளியே தாழ்ப்பாள் போட்டாலும் உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி ஒரு கொண்டி வேண்டும் என்று கேட்டாள். உள் பலகையைக் கழற்ற வேண்டும், அரை நாள் வேலை. எனக்குச் சோம்பல். "உங்களை உள்ள வெச்சு யாரும்மா பூட்டப் போறா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டேன்.

எனக்கு வேண்டியிருந்த பதில் கிடைத்துவிட்டது. துவாரத்தை அடைத்தது அவன் கை. கதவு திறக்காமல் போனது என் கையால்.

இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறேன். ஷெட்டை மூடியாயிற்று. பகலெல்லாம் தூக்கமாக வருகிறது. நேற்றும் சாப்பிட்டுவிட்டு ஹாலில் படுத்தேன். கண் விழித்தபோது குளியலறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். கதவின் தாழ்ப்பாள் வெளியே போட்டிருந்தது, என் கை அதன்மேல் இருந்தது. உள்ளே கிரிஜா தட்டிக்கொண்டிருந்தாள். பதறிப்போய்த் திறந்தேன். முகமெல்லாம் வியர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"எத்தனை நேரமாக் கத்தறேன், இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லுன்னுண்டே நிக்கறேளே" என்றாள். பிறகு என்னைத் தாண்டி ஹாலை எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, உங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தி சிரிக்கற சத்தம் கேட்டுண்டே இருந்துதே, அவ யாரு?"