நுரை தள்ளிய ஒருசந்தி!

"ஆ...ஆ...ஆ!"

டல்லாஸ் பக்கம் ரிச்சர்ட்சன் ஊரிலிருந்த ஆல்ட்பெர்க் பீர் ப்ரூவரியே அதிர்ந்தது.

அலறியவன் நவநீத். ப்ரூவரி மேனேஜர். கையிலிருந்த கல் மக் உருண்டது. வாயில் நுரை... அது பீர் நுரை இல்லை!

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கதை முடிந்திருந்தது.

டிடெக்டிவ் விஷாகா மக்கை முகர்ந்தாள். சயனைடு! சென்னையில் பிறந்து டல்லாஸில் வளர்ந்தவள் அவள். தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

"இது யாரோட மக்?"

"என்... என்னோடது மேடம்." பீர் காய்ச்சும் இன்ஜினீயர் மரிய அந்தோணி முன்னே வந்தான். ஜெர்மன் வழக்கப்படி அங்கே ஆளுக்கொரு மக். பெயர் எழுதி ஆணியில் தொங்கும். மற்றவர் தொட மாட்டார்கள்.

"அப்புறம் நவநீத் எப்படித் தொட்டார்?"

"அவன் என் உயிர் நண்பன் மேடம். நான்தான் என் மக்ல ஊத்திக் குடுத்தேன். புது பேட்ச்... டேஸ்ட் பண்ணணும். தினமும் நான்தான் பார்ப்பேன். இப்ப தவக்கால விரதம் மேடம். ஒருசந்தி! ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டேன்."

விஷாகா சிரித்தாள்.

"நீங்க ப்ரூவரியைச் சுத்திக் காட்டற டூருக்கு நானும் வந்திருக்கேன் அந்தோணி. 'நானூறு வருஷம் முன்னாடி ஜெர்மனியில, பவேரியால சாமியாருங்க ஆரம்பிச்ச ப்ரூவரி. லாகர், கோதுமை பீர் எல்லாம் அப்புறம் வந்தது. முதல்ல இந்தக் கறுப்பு பீர்தான். தவக்காலத்துல ரொட்டிக்குப் பதிலா இதைத்தான் குடிச்சாங்க, விரதம் முறியாது'ன்னு அடிச்சு விட்டீங்களே?"

"அது ஜெர்மன் சாமியாருக்கு மேடம்! தூத்துக்குடிக்காரனுக்கு எப்படிச் செல்லும்? டூர்னா அப்படித்தான் பேசணும்..."

"ஜூரிகிட்டயும் அப்படியே பேசுங்க."

'க்ளிக்!' கைவிலங்கு.

அந்தோணி விலங்கையே பார்த்தான். வேலை போச்சு. விசா போச்சு. டெக்ஸாஸில் தூக்குக்கூட இல்லை... விஷ ஊசி!

"என் வொய்ஃப் ரெபெக்காவைக் கூப்பிடுங்க மேடம்! கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல. நேத்துகூட இங்க லஞ்ச் கொண்டு வந்தா. நான் எப்படிப்பட்டவன்னு அவ சொல்லுவா. அவளை விட்டா எனக்கு யாருமில்ல..."

விஷாகா போன் போட்டாள்.

"ப்ரூவரில ஒரு ப்ராப்ளம். உடனே வாங்க."

அவ்வளவுதான் சொன்னாள்.

ரெபெக்கா ஓடி வந்தாள். கறுப்பு சல்வார். முகமெல்லாம் கண்ணீர். உள்ளே நுழைந்து கணவனைப் பார்த்தவள்... உறைந்தாள்!

"ஏங்க... நீங்க... குடிக்கலையா?"

விஷாகாவின் புருவம் உயர்ந்தது.

"குடிக்கிறதைப் பத்தி போன்ல நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே?"

ரெபெக்கா அதைக் காதில் வாங்கவில்லை. தரையில் வெள்ளைத் துணி. வெளியே நீட்டிய கை... அதில் அவள் ரகசியமாய் வாங்கிக் கொடுத்த வாட்ச்!

"நவீ...!"

துணியை இழுத்தாள். நவநீத்தின் மேல் விழுந்து கதறினாள். திரும்பி அந்தோணியின் சட்டையைப் பிடித்தாள்.

"உனக்கு வச்சதுடா அது! விரதத்துல இந்த பீர் குடிக்கலாம்னு நீதானேடா டூர்ல சொன்ன? நான் உன்ன மாதிரி கத்தோலிக்கம் இல்ல, எங்க சபையில ஒருசந்தியெல்லாம் கிடையாது... எனக்கென்ன தெரியும்? நம்பித்தானே நேத்து உன் மக்ல தடவினேன்! ஏன்டா நீ குடிக்கல?"

உயிர் நண்பன் பிணம். மனைவி கொலைகாரி. பேசாமல் குடித்துத் தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது அந்தோணிக்கு.

விஷாகா அவன் விலங்கைக் கழற்றினாள். அவன் கையைத் தூக்கக்கூட இல்லை. அதே விலங்கை ரெபெக்காவுக்கு மாட்டினாள்.

"வலிக்குது... விடுங்க!"

"புருஷனோட அட்ஜஸ்ட் பண்ணிப் போக உங்களுக்கு வரல மேடம்," என்றாள் விஷாகா. "இந்த விலங்கு தானா அட்ஜஸ்ட் ஆயிடும்!"