கோடு விழுந்த பொருள்கள்

அடுப்பின் மேலிருந்த காப்பிப் பாத்திரத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. ஸ்ரிங்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கோடு அப்படியே இருந்தது. பாத்திரத்தின் செம்பு நிறம்கூட மினுமினுப்பே இல்லாமல், தட்டையாக அப்பிவைத்தது போலிருந்தது.

வாரக்கணக்காகப் படம் வரைந்தே களைத்த கண், வேறென்ன? ஜன்னலுக்கு வெளியே ஸாக்ரெப் நகரம் மூடுபனிக்குள் முழுகிக் கிடந்தது. மாலை இன்னும் சரியாக வரவில்லை, அதற்குள் டிராம் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு மணியடித்துப் போயின. கூடத்தில் மகள் தெனா ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு நொடி ஓரிடத்தில் தரிக்காத குழந்தை. மரத்தரையில் அவள் குதிகால்கள் தடதடத்துக்கொண்டேயிருந்தன.

போன் அடித்தது. போர்னா. இருவரும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள். அவள் வரைவாள், அவன் அதைக் கணினியில் ஓடவைப்பான்.

"ஏய் ஸ்ரிங்கா, மூளை கீளை கழண்டுபோச்சா? சமையலறைப் படத்துல தெனாவையும் பின்னணியோட பின்னணியா வரைஞ்சு வச்சிருக்க!"

"சும்மா இருடா. நிஜத்துலதான் உக்கார மாட்டேங்கிறா, படத்துலயாவது உக்காரட்டுமே."

"தாயே, பின்னணியில இருக்கிறது கண்ணைக்கூடச் சிமிட்டாது. அவ அசையணும்னா தனித்தாள்ல, கோடு போட்டு வரைஞ்சு குடு."

"நாளைக்குப் போடறேன். இப்ப அப்படியே கேம்ல ஏத்திவிடு."

"ஏத்தியாச்சு, உன் சமையலறை ஓடிட்டிருக்கு. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது, ஆமா."

போனை மேஜைமேல் வைத்தாள்.

பழங்காலக் கார்ட்டூன் பாணியில் ஒரு பேய்வீடு. அதுதான் அவர்களுடைய விளையாட்டு. அந்தப் படங்களில் பின்னணி எல்லாம் நீர்வண்ணத்தில் குழைந்து கிடக்கும். அசையப்போகும் பொருள் மட்டும் தட்டை நிறத்தில், கறுப்புக் கோட்டோடு தனியாகத் தெரியும். கோடு போட்ட பொருளைத் தேடித் தொட்டால் புதிர் அவிழும். அந்தப் பேய்வீட்டுக்கு மாதிரியாக, ஸ்ரிங்கா தன் வீட்டையே வரைந்திருந்தாள்.

காப்பிப் பாத்திரம் தானாகச் சரிந்து விழுந்தது.

கருகிய காப்பி வாசனையோடு ஈரச் சாயத்தின் வாடையும் எழுந்து மூக்கில் ஏறியது. அவள் துணியை எடுக்கத் திரும்பினாள். அலமாரிக் கதவின் ஓரத்தில் கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முனகியபடி திறந்தது. உள்ளே பீங்கான் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் கோடு, நடுங்கிக் கிணுகிணுத்தன.

"அம்மா, பசிக்குது!" தெனா உள்ளே ஓடி வந்தாள்.

"ஓடாதடி! எதையும் தொடாத! மேஜைகிட்ட உக்காரு. அம்மா சொல்ற வரைக்கும் அசையக் கூடாது."

"அசையாம இருந்தா என்ன தருவ?"

"ஜாம் வச்சு பான்கேக். உக்காரு கண்ணு."

தெனா நாற்காலியில் ஏறி, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டொக், டொக் என்று குதிகால் நாற்காலிக் காலில் இடித்தது. ஸ்ரிங்கா குனிந்து மகளின் முகத்தை, கழுத்தை, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கும் கோடு இல்லை. கன்னம் மிருதுவாக, இளஞ்சிவப்பு மெல்ல மெல்லக் கரைந்து... நல்லவேளை. குழந்தைக்கு ஒன்றுமில்லை.

போர்னாவிடம் சொல்லி உடனே நிறுத்த வேண்டும். போனை எடுக்கப் போனாள். விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தாள். பிடிக்க எதுவும் இல்லை. நகம் பட்ட இடம் சொரசொரவென்று காகிதம்போல் உரசியது. மேஜையும் போனும் ஒரே பரப்பு. போனைச் சுற்றிக் கோடு இல்லை. குழைந்த சாயம். தூரிகைத் தடம்.

அவளுடைய தூரிகை.

டொக் சத்தம் நின்றிருந்தது.

"தெனா?"

அவள் திரும்பவில்லை. திரும்பப் பயம்.

"தெனா, போதும்மா. இப்ப அசையலாம். ஓடு. ஓடிப்போ கண்ணு."

மூச்சு இல்லை. பின்னால் மரம் தரையில் உராயும் சத்தம் மட்டும். மெதுவாக.

திரும்பினாள்.

கறுப்புக் கோடு போட்ட நாற்காலி, தானாகப் பின்னால் நகர்ந்து, சுவரோரம் போய் நின்றது.

தெனா அதே இடத்தில், அந்தரத்தில், பாதிச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள்.