செல்லின் பிறந்த வீடு

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவள் மைக்ராஸ்கோப்பில் மறுபடி குனிந்தபோது, செல்கள் விட்ட இடத்தில் இல்லை.

கொஞ்சம்தான். ஒரு மயிரிழை. சுற்றியிருந்த நார்கள் அப்படியே இருக்க, நடுவிலிருந்த கூட்டம் மட்டும் அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சரிந்திருந்தது. பிற்பகல் வெயில் ஜன்னல் திரையில் மஞ்சளாகத் தேங்கியிருந்தது, ஏசி முனகிக்கொண்டிருந்தது, உருகிய மெழுகின் வாசனையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினின் கண்ணெரிச்சலும் எல்லா நாளையும் போலவே அறையை நிறைத்திருந்தன. கண் அசதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதினாறு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு. புற்று பிடித்த நிணநீர்க் கணுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி அனுப்புவார்கள். அதிலிருக்கும் செல் எங்கே பிறந்தது என்று அவள் சொல்ல வேண்டும். வெள்ளையணுக்களில் பி செல்லா, டி செல்லா, கணுவின் நடுவிலிருந்து கிளம்பியதா, ஓரத்திலிருந்தா? பிறப்பு தெரிந்தால்தான் லிம்போமா என்கிற அந்த நிணநீர்ப் புற்றுக்குப் பெயர். பெயர் தெரிந்தால்தான் மருந்து. ஒவ்வொரு சாயமும் ஒரு கேள்வி. ஆமாம் என்றால் செல் பழுப்பாகும், இல்லையென்றால் நீலமாகவே நின்றுவிடும்.

இந்தச் செல்கள் எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தன. பி செல். கணுவின் நடுவில் பிறந்தது. ஆனால் இந்தத் துண்டு அவள் தம்பியின் கழுத்திலிருந்து வந்தது. தம்பியின் உடம்பில் ஓடும் ரத்தம் தம்பியுடையதல்ல.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு ரத்தப் புற்று வந்தபோது, அவள்தான் தன் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை கொடுத்தாள். அன்றிலிருந்து அவனுக்குள் ஊறுகிற ரத்தச் செல் ஒவ்வொன்றும் அவள் விதையிலிருந்து முளைத்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அவன் அதை வைத்தே கேலி செய்வான். "உன் சரக்குதானேக்கா உள்ள ஓடுது, ரிப்பேர் ஆனா நீதான் பாக்கணும்." போன மாதம் கழுத்தில் நெறி கட்டியபோதும் அதையேதான் சொன்னான். அப்போது இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அவள் நாற்காலியை இடப்பக்கம் நகர்த்தி உட்கார்ந்தாள். ஒரு கையால் மைக்ராஸ்கோப்பைத் தொட்டுக்கொண்டு பத்து வரை எண்ணினாள். குனிந்தாள்.

கூட்டம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

வேறு ஆள்களின் ஸ்லைடுகளை எடுத்து மாற்றி மாற்றி வைத்தாள். அவை அசையவில்லை. செத்தது செத்ததாகவே கிடந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம் வாங்களேன்."

திசுவை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவித் தருகிறவர் அவர். அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் மெழுகண்ணன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன மேடம், சாயம் சரியா ஏறலையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் ஏறியிருக்கு. நீங்க இதையே பாத்துக்கிட்டிருங்க. கண்ணை எடுக்காதீங்க."

அவர் குனிந்தார். அவள் மேசையைச் சுற்றி நடந்தாள். அலமாரிப் பக்கம். ஜன்னல் பக்கம். பிறகு கதவைத் திறந்து தாழ்வாரத்தில் போய் நின்றாள். உள்ளே சத்தமே இல்லை. திரும்பி வந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"இது பத்து நாள் ஃபார்மலின்ல ஊறினது மேடம். நானே என் கையால சீவினேன்."

"என்ன பாத்தீங்க?"

"நீங்க எந்தப் பக்கம் போனீங்களோ..." பாதியில் நிறுத்தினார். "நான் எதையும் பாக்கல. என்னைக் கேக்காதீங்க." குழாயடிக்குப் போய் நெடுநேரம் கை கழுவினார்.

நல்ல நிலையில் இருக்கும் பி செல்லுக்கு ஒரு குணம் உண்டு. உடம்பெல்லாம் சுற்றினாலும் தன் இடத்தைத் தேடித் திரும்பி வரும். வீடு திரும்புதல் என்றே அதற்குப் பெயர். மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது, பிறந்த வீட்டுப் பாசம் என்று சொல்லி அவள் சிரிக்க வைப்பாள்.

இன்று அது ஞாபகம் வந்ததும் ஸ்லைடைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள். ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தம்பி கூடத்துச் சோபாவில் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் வியர்வையில் மினுமினுத்தது. தையல் போட்ட இடத்துக்குக் கீழே கழுத்து எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது. காலையில் அவ்வளவு இல்லை.

"ஏன்க்கா கதவுகிட்டயே நிக்கற?"

"செருப்பக் கழட்டறேன்டா."

"மதியத்துலேருந்து உயிர் போகுது. யாரோ உள்ளேருந்து கயிறு கட்டி இழுக்கற மாதிரி. நீ தெருமுனை திரும்பினதும் குறைஞ்சுடுச்சு." அவன் பலவீனமாகச் சிரித்தான். "நீ வர்றது எனக்குத் தெரிஞ்சுது."

சுவரை ஒட்டியே சமையலறைப் பக்கம் நகர்ந்தாள். அவன் தலை திரும்பியது. அவன் கண் மூடியிருந்தது. தலையைத் திருப்பியது அவன் இல்லை.

கழுத்து முதலில். அப்புறம் தாடை.

"அக்கா, போகாத. வலிக்குது."

சமையலறையில் பின்கதவு இருந்தது. போயிருக்கலாம். நாலே எட்டு.

"அக்கா."

ஐந்து வயதில் காய்ச்சலில் கூப்பிட்ட அதே குரல். அவள் திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் அவள் தோளில் சாய்ந்தான். கழுத்து அவள் கழுத்தோடு சேர்ந்தது. சூடு. நீண்ட மூச்சு ஒன்று விட்டான். "போயிடுச்சுக்கா... சுத்தமா வலியே இல்ல." அடுத்த நிமிடம் உறங்கிவிட்டான். மூன்று வாரத்தில் முதல் உறக்கம்.

அவள் அசையவில்லை. அவன் தோலுக்கு அடியில் என்னவோ தடவியது. பொறுமையாக. இருட்டில் சாவித்துவாரம் தேடும் விரல் போல.

தேடியது.

நின்றது.

வலிக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

நெடுநேரம் கழித்து, அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் தூக்கினாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அவள் கழுத்துத் தோலும் கூடவே வந்தது.

அவன் தூக்கத்தில் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அவள் உதடும் விரிந்தது.